முஸ்லிம் உலகம்: எழுவாயா, இடமா?

கேள்வி இதுதான்: செய்திகளில் அடிக்கடி வரும் 'முஸ்லிம் உலகம்' என்பது எது? அரபு நாடுகளா, இஸ்லாத்தை அரசு மதமாக வைத்திருக்கும் நாடுகளா, பூமியில் இருக்கிற முஸ்லிம்கள் எல்லாருமா? இந்தியா அதில் சேருமா, சேராதா?

முதலில் ஒரு சின்ன இலக்கணச் சோதனை சொல்கிறேன். நான் பல வருடங்களாகப் பயன்படுத்துவது. 'முஸ்லிம் உலகில் காகிதம் பரவியது' என்று ஒருவர் எழுதினால் அங்கே அந்தச் சொல் ஒரு இடம், ஏழாம் வேற்றுமை. பெரும்பாலும் தொந்தரவில்லை. 'முஸ்லிம் உலகம் கொதித்தெழுந்தது', 'முஸ்லிம் உலகம் இதை ஏற்காது' என்று எழுதினால் அது எழுவாய் ஆகிவிடுகிறது. கோபப்படுகிறது, முடிவெடுக்கிறது, மறுக்கிறது. அங்கே நின்று, இதில் யார் கோபப்பட்டார், யார் முடிவெடுத்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு அரசு, ஒரு கட்சி, ஒரு ஊர்வலம், சில சமயம் ஒரே ஒரு அமைச்சர் கிடைப்பார். 200 கோடிப் பேர் கிடைக்கமாட்டார்கள்.

சரி, அந்த 200 கோடியிலிருந்தே தொடங்கலாம். 2020 கணக்குப்படி உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முஸ்லிம். அதிகமாக இருப்பது இந்தோனேசியாவில், சுமார் 24 கோடி. பாகிஸ்தான் அதை நெருங்கி நிற்கிறது. மூன்றாவது இந்தியா, 20 கோடிக்கு மேல். அடுத்து வங்கதேசம், ஏறத்தாழ 15 கோடி. இந்த நான்கைக் கூட்டினாலே மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வந்துவிடுகிறது. நான்கில் ஒன்றுகூட அரபு நாடு கிடையாது. மொராக்கோவிலிருந்து ஈரான் வரையுள்ள வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா முழுவதையும் சேர்த்தால் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குதான். முஸ்லிம் உலகம் என்றதும் பத்திரிகைகள் ஒட்டகத்தையும் மணல்மேட்டையும் படமாகப் போடுகின்றன. மக்கள்தொகையை வைத்துப் படம் போடுவதென்றால் நெல்வயலும் மழையும்தான் போட வேண்டும்.

அரபு என்பது மொழியை ஒட்டிய அடையாளம். எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களும் லெபனானின் மரோனைட் கிறிஸ்தவர்களும் அரபு பேசுகிறவர்கள், முஸ்லிம்கள் இல்லை. துருக்கியரும் ஈரானியரும் முஸ்லிம்கள், அரபுகள் இல்லை. இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் படித்தவர்கள்கூடத் தடுக்கி விழும் இடம்.

அடுத்தது நாடுகளை வைத்து வரைகிற எல்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் நாடுகள் சுமார் ஐம்பது. அதையே 'முஸ்லிம் உலகம்' என்று வைத்துக்கொண்டால் ஐந்தில் ஒரு முஸ்லிம் வெளியே நின்றுவிடுவார்: இந்தியா, எத்தியோப்பியா, சீனா, ரஷ்யா, டான்சானியா என்று சிறுபான்மையாக வாழ்கிறவர்கள். ரஷ்யாவின் தாத்தார்கள், சீனாவின் ஹுய் மக்கள் எல்லாம் அண்மையில் குடியேறி வந்தவர்களும் இல்லை, பல நூற்றாண்டுகளாக அங்கேயே இருப்பவர்கள்.

அரசுகள் தாங்களே சேர்ந்து வைத்திருக்கும் பட்டியலும் ஒன்று உண்டு. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு, 57 உறுப்பினர்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தென் அமெரிக்காவின் கயானா உறுப்பு நாடு. அங்கே முஸ்லிம்கள் 7 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். பக்கத்து சுரினாம், ஆப்பிரிக்காவில் உகாண்டா, காபோன், மொசாம்பிக் எல்லாம் உறுப்பினர்கள். எங்குமே முஸ்லிம்கள் பெரும்பான்மை இல்லை. ரஷ்யாவும் தாய்லாந்தும் பார்வையாளர்கள். 20 கோடிக்கு மேல் முஸ்லிம்கள் உள்ள இந்தியாவுக்கு அந்த இடம்கூட இல்லை. அது ஒரு தனிக் கதை, கடைசியில் வருகிறேன்.

அப்புறம், இஸ்லாத்தை அரசு மதமாக வைத்திருக்கும் நாடுகள். இங்கே சட்டப் புத்தகங்களைத் திறந்து பார்ப்பது நல்லது, ஏனென்றால் வெளியிலிருந்து யூகிப்பது பெரும்பாலும் தப்பாகிறது. சவூதி அரேபியாவின் 1992ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் குர்ஆனும் நபிவழியுமே நாட்டின் அரசமைப்பு என்கிறது. செனகலில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். ஆனால் அரசமைப்பு நாட்டை மதச்சார்பற்ற குடியரசு என்று சொல்கிறது. அதன் முதல் அதிபர் லெயோபோல்ட் செங்கோர் கத்தோலிக்கர். 1960இலிருந்து 1980 வரை அந்த மக்களை அவர்தான் ஆண்டார். துருக்கி 1928இல் அரசு மதம் என்ற வாசகத்தை நீக்கியது, 1937இல் மதச்சார்பின்மையை அரசமைப்பில் எழுதியது. அல்பேனியா 1967இல் மசூதி, தேவாலயம் இரண்டையும் மூடிவிட்டு நாத்திக நாடென்று அறிவித்துக்கொண்டது. கம்யூனிச ஆட்சி முடியும் கட்டத்தில்தான் அவை மறுபடி திறந்தன.

இந்தோனேசியக் கதையில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1945இல் சுதந்திரம் அறிவித்தபோது தயாராக இருந்த முன்னுரை வரைவில், முஸ்லிம்கள் ஷரீஅத் எனும் இஸ்லாமியச் சட்டத்தைப் பின்பற்றும் கடமை உள்ளவர்கள் என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. இந்தோனேசிய மொழியில் அது ஏழே சொற்கள். கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள், நாடு பிறக்கும்போதே உடையும் என்ற கவலை வந்தது. ஆகஸ்ட் 18 அன்று, சுதந்திரம் அறிவித்த மறுநாளே, அந்த ஏழு சொற்களும் எடுக்கப்பட்டன. 'ஒரே இறைவன் மீது நம்பிக்கை' என்பது மட்டும் நின்றது. அந்த ஏழு சொற்களைப் பற்றிய வாதம் அதற்குப் பிறகும் பல தடவை எழுந்தது. உலகின் மிகப் பெரிய முஸ்லிம் நாடு இஸ்லாமிய அரசாக ஆகாமல் போனதற்கு ஒரு முக்கியக் காரணம் அந்த ஒரு நாள் பேச்சுவார்த்தை.

ஆக, தலைக்கணக்கில் ஒரு வரைபடம் வருகிறது, அரசுகளின் பட்டியலில் இன்னொன்று, அரசமைப்பில் மூன்றாவது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. என்னைக் கேட்டால், நான்காவது வரைபடம்தான் சுவாரசியமானது. அது மார்க்க வழக்கத்தின் வரைபடம்.

மக்காவில் ஒரு தொழுகை வரிசையைக் கற்பனை செய்யுங்கள். மௌரித்தேனியாவிலிருந்து வந்தவர் கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்பார், அவர் மாலிக்கி என்ற சட்ட வழியைப் பின்பற்றுகிறவர். பக்கத்தில் உஸ்பெகிஸ்தான்காரர் தொப்புளுக்குக் கீழே கைகட்டியிருப்பார், அவர் வழி ஹனஃபி. அடுத்து நிற்கும் இந்தோனேசியர் தொப்புளுக்கு மேல், நெஞ்சுக்குக் கீழே கட்டியிருப்பார், அவர் வழி ஷாஃபி. இமாம் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி முடித்ததும் ஒருவர் உரக்க 'ஆமீன்' என்பார், மற்றவர் மனசுக்குள் சொல்வார். அதே வரிசையில் ஈரானிய ஷியா ஒருவர் இருந்தால் அவரும் கையைத் தொங்கவிட்டிருப்பார், மாலிக்கியைப் போலவே. ஊரில் தொழும்போது அவர் நெற்றி வைக்க ஒரு சிறு களிமண் வில்லை வைத்திருப்பார், பெரும்பாலும் கர்பலா மண். இவர்கள் எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து, ஒரே மொழியில், ஒரே நேரத்தில் குனிந்து நிமிர்கிறார்கள். ஒற்றுமையும் வேற்றுமையும் இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற இடம் வேறொன்று எனக்குத் தெரியாது.

இந்த மத்ஹபுகள், அதாவது சட்ட வழிகள், எங்கெங்கே பரவின என்று பார்த்தால் பழைய பாதைகள் தெரியவரும். ஷாஃபி கடல்வழி போனது. ஏமன் கரையிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தியாவின் தென்கரைகள், இலங்கை, மலாய்த் தீவுகள் என்று பருவக்காற்று கப்பலைக் கொண்டுபோன துறைமுகங்களில் எல்லாம் அது இருக்கிறது. ஹனஃபி குதிரைமேல் போனது எனலாம். மத்திய ஆசியா, உஸ்மானியப் பேரரசு, வட இந்தியா என்று நிலம் ஆண்ட பேரரசுகளோடு போனது. மாலிக்கி வட ஆப்பிரிக்காவில் வேர்விட்டு, சஹாராவைத் தாண்டிய வணிகக் கூட்டங்களோடு திம்பக்துவுக்குப் போனது. ஹம்பலி பெரும்பாலும் அரேபியாவின் நடுவிலேயே தங்கிவிட்டது. விதிவிலக்குகள் நிறைய உண்டு, ஆனால் இந்த ஒரு படத்தை மனசில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தப் பாதைகளில் பலவற்றில் போய்ப் பார்த்த ஒருவர் இருக்கிறார். மொராக்கோவின் டாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா 1325இல், 21 வயதில் ஹஜ்ஜுக்கென்று கிளம்பினார். திரும்ப ஊர் வந்து சேர ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. தில்லியில் முகமது பின் துக்ளக் அவரைக் காஜியாக, அதாவது நீதிபதியாக, நியமிக்கிறார். இவர் தயங்குகிறார்: நான் மாலிக்கி, இங்கே எல்லாரும் ஹனஃபி, எனக்கு இந்த ஊர் மொழியும் தெரியாது. சுல்தான் அதனாலென்ன என்று இரண்டு உதவியாளர்களைக் கொடுத்து, கையெழுத்துப் போடும் வேலையை இவருக்கு வைத்துவிடுகிறார். பல ஆயிரம் மைல் தள்ளி, மொழி தெரியாத ஊரில், படித்த படிப்புக்கு அப்படியே வேலை கிடைக்கிறது. 'முஸ்லிம் உலகில்' என்ற ஏழாம் வேற்றுமைக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

பிறகு அவர் மாலத்தீவுக்குப் போகிறார். அங்கேயும் காஜி. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதவர்களைத் தண்டிக்கிறார், அது நடக்கிறது. பெண்கள் இடுப்புக்கு மேலே மறைக்காமல் நடப்பதைத் தடுக்கப் பார்க்கிறார், அது நடக்கவில்லை. வழக்குக்கு என்முன் வருகிறவர்களை மட்டும் மூடிக்கொண்டு வரச்செய்ய முடிந்தது, அதற்குமேல் முடியவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தத் தீவுக்காரர்களைப் பக்தியுள்ள முஸ்லிம்கள் என்று புகழவும் செய்கிறார். ஷரீஅத்துக்கும் ஊர் வழக்கத்துக்கும் நடுவே எப்போதும் நடக்கிற இழுபறி அந்த நீதிமன்ற வாசலில் அப்படியே தெரிகிறது.

சுன்னி, ஷியா பிரிவைப் பற்றி எல்லாரும் எழுதியிருப்பதால் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் சுன்னிகள். ஈரான், இராக், அஜர்பைஜான், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் ஷியாக்கள் பெரும்பான்மை. இரண்டிலும் சேராத இபாதிகள் ஓமானிலும், அல்ஜீரியாவின் மிசாப் பள்ளத்தாக்கிலும், துனிசியாவின் ஜெர்பா தீவிலும் இருக்கிறார்கள். இவர்களில் யாருக்கும் போப்பாண்டவர் மாதிரி எல்லாருக்கும் பொதுவான ஒரு தலைவர் கிடையாது. அதனால் 'யார் முஸ்லிம்' என்ற கேள்விக்கே ஒப்புக்கொண்ட பதில் சொல்ல இடமில்லாமல் இருந்தது. 2005இல் ஜோர்டானின் அம்மானில் பல நாட்டு அறிஞர்கள் கூடி, சுன்னி நான்கு, ஷியா இரண்டு, இபாதி, ஜாஹிரி என எட்டுச் சட்ட வழிகளை ஏற்று, அவற்றைப் பின்பற்றுகிறவரைக் காஃபிர், அதாவது இறைமறுப்பாளர், என்று சொல்லக்கூடாது என அறிவித்தார்கள். அப்படியும் எல்லைச் சண்டை தீரவில்லை. அஹ்மதியாக்கள் தங்களை முஸ்லிம் என்கிறார்கள். பாகிஸ்தான் 1974இல் அரசமைப்பைத் திருத்தி அவர்கள் முஸ்லிம் அல்ல என்றது.

இன்னொரு பொருளும் உண்டு, வரலாற்றாசிரியர்களுக்குப் பிடித்தது. முஸ்லிம்கள் ஆண்ட நிலங்களில் வளர்ந்த பண்பாடு முழுவதும். அதில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் பங்கு உண்டு. 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை மொழிபெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிறிஸ்தவர். கோர்டோபாவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த மைமோனிடிஸ் யூத அறிஞர், தத்துவத்தை அரபு மொழியில் எழுதினார். ஷாஜகான் அரசவையில் பாரசீக உரைநடைக்குப் பேர்போன சந்தர் பான் பிராமணர், பெயரே சொல்லிவிடுகிறது. மார்ஷல் ஹாட்சன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் இந்தக் குழப்பத்தைப் பார்த்து, மதத்தைக் குறிக்க 'இஸ்லாமிக்', அந்தப் பண்பாட்டைக் குறிக்க 'இஸ்லாமிக்கேட்' என்று இரண்டு சொற்களாகப் பிரித்தார். சொல் கொஞ்சம் முரடு, பொதுமக்கள் வாயில் ஏறவில்லை. பிரிப்பு மட்டும் ரொம்ப உபயோகமானது.

இனி அந்த எழுவாய்க்கு வருவோம். எப்போது முஸ்லிம் உலகம் ஒரே ஆள் மாதிரிப் பேச ஆரம்பித்தது?

'உம்மத்' என்ற சொல் பழையது, நம்பிக்கையாளர் சமூகம் என்று பொருள். ஆனால் அது ஒரே அரசாக இருந்த காலம் மிகக் குறைவு. பொற்காலம் என்று சொல்லப்படும் 10ஆம் நூற்றாண்டில்கூட ஒரே சமயத்தில் மூன்று கலீஃபாக்கள், அதாவது உம்மத்தின் தலைவர் தாமே என்றவர்கள், இருந்தார்கள்: பக்தாதில் அப்பாசியர், வட ஆப்பிரிக்காவிலும் பிறகு கெய்ரோவிலும் பாத்திமியர், கோர்டோபாவில் உமையாக்கள். ஒருவரை ஒருவர் ஏற்கவில்லை.

உலக அரசியலில் 'முஸ்லிம்கள்' ஒரு தனித் தரப்பு என்ற நினைப்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வலுத்தது. அதை வளர்த்தவர்கள் இரண்டு தரப்பினர், ஒருவருக்கொருவர் எதிரிகள். ஒரு பக்கம் காலனி அதிகாரிகள். உஸ்மானிய சுல்தானைவிட அதிக முஸ்லிம்களை பிரிட்டன் ஆண்டுகொண்டிருந்தது. இவர்கள் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குப் பயம். மறுபக்கம் ஜமாலுத்தீன் ஆஃப்கானி போன்ற சீர்திருத்தவாதிகள். நாம் ஒன்று, ஒன்றாக எழுந்தால்தான் பிழைப்போம் என்றார்கள். 1884இல் அவரும் எகிப்தின் முகமது அப்துஹுவும் அரபு இதழ் ஒன்றை நடத்தியது பாரிஸில் இருந்து. நீராவிக் கப்பல், தந்தி, அச்சகம் மூன்றும் வராமல் இது நடந்திருக்காது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது தன்னை எல்லா முஸ்லிம்களுக்கும் கலீஃபாவாகக் காட்டிக்கொண்டார். டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு 1908இல் போய்ச் சேர்ந்த ஹிஜாஸ் ரயில்பாதைக்கு இந்தியா உட்பட எங்கிருந்தெல்லாமோ நன்கொடை வந்தது. அந்தத் தண்டவாளத்தில் 'முஸ்லிம் உலகம்' கையால் தொட்டுப் பார்க்கிற பொருளாக ஆனது.

1924 மார்ச் 3 அன்று துருக்கி நாடாளுமன்றமே கிலாஃபத்தை, அதாவது கலீஃபா பதவியை, ஒழித்தது. அடுத்த கலீஃபா யார் என்று முடிவெடுக்க 1926இல் கெய்ரோவில் கூடினார்கள், முடிவெடுக்காமல் கலைந்தார்கள். அந்த நாற்காலி இன்றுவரை காலி. ஆனால் எழுவாய் மட்டும் வாக்கியத்தில் தங்கிவிட்டது.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1971இல் பாகிஸ்தான் உடைந்தது. இரண்டு பக்கமும் பெரும்பாலும் முஸ்லிம்கள், பிளவில் மொழிக்குப் பெரிய பங்கு. 1980 முதல் 1988 வரை இராக்கும் ஈரானும் போரிட்டன. இரண்டிலும் மக்களில் பெரும்பான்மை ஷியாக்கள், இராக்கிய ஷியாக்கள் பெரும்பாலும் தங்கள் நாட்டுக்காகவே சண்டையிட்டார்கள். அஜர்பைஜான் ஷியா நாடு. அது இஸ்ரேலிடம் ஆயுதம் வாங்குகிறது, ஈரானோ கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு நல்லுறவு வைத்திருக்கிறது. மதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இவற்றில் ஒன்றுகூட நேராக வராது.

ஈதுப் பெருநாளை எடுத்துக்கொள்ளுங்கள். பிறையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்கள் உண்டு, வானியல் கணக்கு போதும் என்பவர்கள் உண்டு, சவூதி அறிவிப்பே சரி என்பவர்களும் உண்டு. சில நகரங்களில் பக்கத்துப் பக்கத்து மசூதிகள் இரண்டு நாளில் பெருநாள் தொழுகை நடத்துவது வழக்கமாகவே ஆகிவிட்டது. நிலாவில் ஒன்றுசேராதவர்கள் வெளியுறவுக் கொள்கையில் ஒன்றுசேர்வார்கள் என்று நினைப்பது கொஞ்சம் அதிகம்தான்.

அப்படியானால் இந்தச் சொல் வெறும் கற்பனை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். 2024இல் சுமார் 18 லட்சம் பேர் ஹஜ் செய்தார்கள். எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்பதற்கு, 10 லட்சம் முஸ்லிம்களுக்கு 1,000 பேர் என்று ஒரு விகிதம் இருக்கிறது. அதை வகுத்தது இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு. இந்தோனேசியாவுக்கு 2 லட்சத்துக்கு மேல் இடம் கிடைத்தும், பதிவு செய்துவிட்டுப் பல பத்தாண்டுகள் காத்திருக்கிறார்கள். ஒரு சாவா விவசாயியும் ஒரு நைஜீரிய வியாபாரியும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமல் ஒரே இடத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்றால் அது கற்பனை இல்லை. அதேபோல் ஜெருசலேமின் அல் அக்ஸா மசூதிக்கு ஏதாவது நடந்தால் ஜகார்த்தாவிலும் டாக்காவிலும் மக்கள் தெருவுக்கு வருவதும் உண்மைதான்.

அதில்தான் இந்தியாவின் கதையும் வருகிறது. 1969 ஆகஸ்ட் 21 அன்று ஓர் ஆஸ்திரேலியர் அல் அக்ஸாவுக்குத் தீ வைத்தார். சலாஹுத்தீன் காலத்து மிம்பர், அதாவது பிரசங்க மேடை, எரிந்துபோனது. அடுத்த மாதமே மொராக்கோவின் ரபாத்தில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். இன்றைய 57 நாட்டு அமைப்பு பிறந்தது அங்கேதான். முஸ்லிம் மக்கள்தொகையைக் கருதி இந்தியாவும் அழைக்கப்பட்டது. மத்திய அமைச்சர் பக்ருதீன் அலி அகமது தலைமையில் குழு கிளம்பியது. பிற்பாடு குடியரசுத் தலைவர் ஆனாரே, அவர்தான். குழு வந்து சேரும்வரை இந்தியாவுக்காக உள்ளே உட்கார்ந்தவர் மொராக்கோவில் இருந்த இந்தியத் தூதர், ஒரு சீக்கியர். பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான், இந்தியா இருந்தால் தான் கூட்டத்துக்கு வரமுடியாது என்று நின்றுவிட்டார். மாநாடு முறிந்துவிடுமோ என்ற நிலையில், அழைத்து வந்த இந்தியாவை விட்டுவிட்டுக் கூட்டத்தை நடத்தி முடித்தார்கள்.

ஏறத்தாழ 50 வருடம் கழித்து, 2019 மார்ச்சில் அபுதாபியில் அதே அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கூடியபோது சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டவர் இந்திய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ். இந்த முறை அழைப்பை யாரும் திரும்பப் பெறவில்லை. வராமல் இருந்தது பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர்.